மோட்டார் வாகன விபத்து இழப்பீடு

மோட்டார் வாகன விபத்து இழப்பீடு என்பது, பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஒன்றினால் ஏற்பட்ட விபத்தில் காயமடைந்தவருக்கோ, இறந்தவரின் குடும்பத்தினருக்கோ சட்டத்தின்படி வழங்கப்படும் பணத்தொகை ஆகும். இந்தியாவில் இது மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் கீழ் அமைந்த மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் வழியாகப் பெறப்படுகிறது. இக்கட்டுரை காயமடைந்தவர் இழப்பீடு கோரும் முறையைத் தமிழ்நாட்டை, குறிப்பாகச் சென்னையின் வடபகுதியான இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தை, எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

விபத்துக்காகக் காவல்துறை தொடரும் குற்ற வழக்கும் இழப்பீட்டு வழக்கும் வெவ்வேறானவை. குற்ற வழக்கு ஓட்டுநரைத் தண்டிப்பதற்கானது. அதில் விதிக்கப்படும் அபராதம் அரசைச் சேரும். காயமடைந்தவர் தமக்குரிய தொகையைப் பெறத் தனியே மனுச் செய்ய வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல், காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானதே போதும் என்று இருந்துவிடுவோர் இழப்பீட்டை இழக்க நேரிடுகிறது.

வடசென்னைச் சூழல்

இராயபுரம் தென்னிந்தியாவின் முதல் தொடருந்து நிலையம் 1856 இல் திறக்கப்பட்ட இடமாகும். இதன் கிழக்கே சென்னைத் துறைமுகமும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் உள்ளன. வடக்கே எண்ணூரில் 2001 இல் செயற்படத் தொடங்கிய காமராசர் துறைமுகமும், மேற்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும் அமைந்துள்ளன. இவற்றுக்கான சரக்குப் பெட்டக லாரிகளும் எண்ணெய் டேங்கர்களும் எண்ணூர் விரைவுச் சாலையையும் மணலிச் சாலைகளையும் பயன்படுத்துகின்றன. துறைமுக வாயிலில் நுழையக் காத்திருக்கும் பெட்டக லாரிகள் சாலையோரம் நெடுந்தொலைவு வரிசையில் நிற்பது இப்பகுதியில் பல ஆண்டுகளாகக் காணப்படும் காட்சியாகும். அதே சாலைகளில் மீன் ஏற்றிய சிறு வண்டிகள், ஷேர் ஆட்டோக்கள், கார்கள், ஆலைக்குச் செல்லும் தொழிலாளரின் இருசக்கர வாகனங்கள், மிதிவண்டிகள் ஆகியனவும் செல்கின்றன.

இங்கு விபத்தில் காயமடைவோரில் பலர் உடலுழைப்பால் நாட்கூலி பெறுவோர். மாதச் சம்பளச் சான்று இவர்களிடம் இருப்பதில்லை. கை அல்லது காலின் இயக்கம் சிறிதளவு குறைந்தாலும் அவர்களது தொழில் முற்றாக நின்றுவிடக்கூடும். எனவே வருமானத்தையும் ஊனத்தின் அளவையும் மெய்ப்பிப்பதே இவர்களது வழக்குகளில் முதன்மையான சிக்கலாகும்.

சட்ட வரலாறு

பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட உயிரிழப்பு விபத்துகள் சட்டம், 1855, பிறரது தவற்றால் இறந்தவரின் குடும்பத்தினர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோர வழி செய்தது. மோட்டார் வாகனச் சட்டம், 1939 மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1956 ஆம் ஆண்டுத் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு இடமளித்தது. 1982 ஆம் ஆண்டுத் திருத்தம், ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே ஒரு குறிப்பிட்ட தொகையைப் பெறும் கொள்கையைக் கொண்டுவந்தது.

தற்போதைய சட்டம் 1989 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மனுச் செய்வதற்கான கால வரம்பை 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் இழப்பீடு தொடர்பான பகுதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இத்திருத்தம் ஆறு மாதக் கால வரம்பை மீண்டும் புகுத்தியது.

இழப்பீட்டு வழிகள்

காயமடைந்தவருக்குப் பின்வரும் வழிகள் உள்ளன. எந்த வழி பொருந்தும் என்பது விபத்தின் தன்மையைப் பொறுத்தது.

1. தவற்றின் அடிப்படையிலான கோரிக்கை (பிரிவு 166): ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்து முழு இழப்பீட்டையும் கோருவது. இதற்கு உச்ச வரம்பு இல்லை.

2. தவறு மெய்ப்பிக்கத் தேவையற்ற கோரிக்கை (பிரிவு 164): இறப்புக்கு 5 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம் ரூபாயும் வழங்கப்படும். இத்தொகையைச் சட்டத்தில் கூறிய நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு அற்றுப்போகும். ஆகவே நிலையான ஊனம் அடைந்தவர், முழு இழப்பீடு எவ்வளவு வரக்கூடும் என்று கணக்கிடாமல் இதனை ஏற்பது இழப்பாக முடியலாம்.

3. மோதிவிட்டு அடையாளம் தெரியாமல் சென்ற வாகனம் (பிரிவு 161): 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. அதற்கு முன் இவை முறையே 25,000, 12,500 ரூபாய்களாக இருந்தன. இதற்கான மனுவைத் தீர்ப்பாயத்திடமன்றி வருவாய்த்துறை அலுவலரிடம் அளிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தொகையை அனுமதிப்பார்.

4. பணியின்போது நேர்ந்த விபத்து: லாரி ஓட்டுநர், உதவியாளர் போன்றோர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் கோரலாம். 1923 ஆம் ஆண்டின் அச்சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்பது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167 ஆம் பிரிவின்படி இரு வழிகளில் ஒன்றையே தேர்ந்தெடுக்க இயலும்.

ஒரே வகையான காயத்துக்கு, வாகனத்தின் பதிவெண் தெரிந்தால் பல இலட்சம் ரூபாயும், தெரியாவிட்டால் 50,000 ரூபாயும் கிடைக்கக்கூடும் என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. விபத்து நடந்த உடனே அருகிலிருப்போர் பதிவெண்ணைக் குறித்துக்கொள்வதும், கடைகளிலும் சந்திப்புகளிலும் உள்ள கண்காணிப்புக் கருவிப் பதிவுகளைக் காவல்துறை விரைந்து கைப்பற்றுவதும் இதனால் முதன்மை பெறுகின்றன.

விபத்து நடந்தவுடன்

இப்பகுதியில் காயமடைவோர் பெரும்பாலும் அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். கை அறுவை மருத்துவத்துக்கு அம்மருத்துவமனை பெயர்பெற்றது. அவசரப் பிரிவு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் காயங்களையும், விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பதையும் எழுதுவார். இதுவே வழக்கின் முதல் ஆவணமாகும். வாகனம் மோதியதை 'வண்டியிலிருந்து தானே விழுந்தார்' என்று உடன் வந்தவர் பதற்றத்தில் கூறிவிட்டால், பின்னர் காப்பீட்டு நிறுவனம் அப்பதிவையே தனக்குச் சான்றாகக் காட்டும்.

தமிழ்நாட்டில் 2021 திசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. நடுவண் அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதன்படி ஒருவருக்கு ஏழு நாட்கள் வரை 1.5 இலட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை கிடைக்கும். கோயம்புத்தூர் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, சாலைப் பாதுகாப்புக் குறித்த பல உத்தரவுகளுக்கு வழிவகுத்தது. பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை விரைந்து வகுக்குமாறு 2025 சனவரியில் வந்த உத்தரவும் அவ்வழக்கில் பிறந்ததே.

காவல்துறையின் பங்கு

சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கிறது. 2024 சூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளதால், பொறுப்பற்ற வாகன ஓட்டம் அதன் 281 ஆம் பிரிவிலும், அதனால் காயம் விளைவித்தல் 125 ஆம் பிரிவிலும், இறப்பு விளைவித்தல் 106 ஆம் பிரிவிலும் பதிவாகின்றன.

2022 ஆம் ஆண்டு விதிகளின்படி விசாரணை அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அளிக்க வேண்டும். இவ்விதிகளைச் செயற்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2022 திசம்பரில் அறிவுறுத்தியது. இருப்பினும் காயமடைந்தவர் தாமும் மனுச் செய்துகொள்வதே வழக்கமாக உள்ளது.

மனுவும் தீர்ப்பாயமும்

மனுவை விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் அளிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம் உள்ள இடத்திலும் அளிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2016 இல் கூறியது. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதிகள் தீர்ப்பாயங்களாகச் செயற்படுகின்றனர். பிற மாவட்டங்களில் மாவட்ட நீதிபதிகளும் சார்பு நீதிபதிகளும் இப்பணியைச் செய்கின்றனர்.

வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவர், ஓட்டுநரையும் சேர்ப்பதுண்டு. வழக்கமாக இணைக்கப்படும் ஆவணங்கள் பின்வருமாறு:

– முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, விபத்து நடந்த இடத்தின் வரைபடம்
– விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது தந்த சிகிச்சைச் சுருக்கம்
– மருந்து, போக்குவரத்து, உதவியாளர் செலவுப் பற்றுச்சீட்டுகள்
– வாகனப் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டு ஆவணம் ஆகியவற்றின் நகல்கள்
– வயது, வருமானம், தொழில் ஆகியவற்றுக்கான சான்றுகள்

மனுவை விபத்து நிகழ்ந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அளிக்க வேண்டும் என்பது 166 (3) ஆம் பிரிவின் விதியாகும். இவ்விதியின் செல்லுந்தன்மை உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என அந்நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆயினும் இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பு அன்று. ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்வதே பாதுகாப்பானது.

தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கிடமற்ற மெய்ப்பிப்பு தேவையில்லை. எது நிகழ்ந்திருக்கக் கூடுதல் வாய்ப்புள்ளது என்பதே அளவுகோல். தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்று தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு எண்மர் இறந்த வழக்கில் (என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு, 1980), குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானது இழப்பீட்டைத் தடுக்காது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுட்பக் காரணங்களைக் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு தீர்ப்பாயங்களை எச்சரித்தது.

காயமடைந்தவரிடமும் தவறு இருந்தால் அதற்கேற்ற விழுக்காடு தொகையிலிருந்து கழிக்கப்படும். இது பங்களிப்புக் கவனக்குறைவு எனப்படும்.

இழப்பீட்டைக் கணக்கிடுதல்

காயமடைந்தோருக்கான இழப்பீடு இரு வகைப்படும். மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, எதிர்கால வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு ஆகியன பணம் சார்ந்தவை. வலி, வேதனை, வாழ்வின் இன்பங்களை இழத்தல், ஆயுட்காலம் குறைதல் ஆகியன பணம் சாராதவை. உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) இத்தலைப்புகளை வரையறுத்தது.

அத்தீர்ப்பின் மையக் கருத்து, மருத்துவ ஊனமும் செயல்சார் ஊனமும் ஒன்றல்ல என்பதாகும். மருத்துவர் ஓர் உறுப்புக்கு அல்லது உடல் முழுமைக்கும் ஊன விழுக்காட்டைக் குறிப்பார். அவ்வூனம் அம்மனிதரின் தொழிலில் எவ்வளவு வருமானத்தைக் குறைக்கிறது என்பதைத் தீர்ப்பாயமே முடிவு செய்ய வேண்டும். இடது கையை இழந்த எழுத்தர் தம் பணியைத் தொடரக்கூடும். அதே கையை இழந்த ஓட்டுநர் அல்லது தச்சரால் தொடர இயலாது.

வருமான இழப்பைக் கணிக்கப் பெருக்கெண் முறை பயன்படுகிறது. சரளா வர்மா வழக்கில் (2009) வகுக்கப்பட்ட பெருக்கெண்கள்:

– 15 முதல் 25 வயது: 18
– 26 முதல் 30: 17
– 31 முதல் 35: 16
– 36 முதல் 40: 15
– 41 முதல் 45: 14
– 46 முதல் 50: 13
– 51 முதல் 55: 11
– 56 முதல் 60: 9
– 61 முதல் 65: 7
– 65 வயதுக்கு மேல்: 5

பிரணய் சேத்தி வழக்கில் (2017) ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்கும் அளவை உறுதி செய்தது. சுயதொழில் செய்வோருக்கும் நிலையான சம்பளம் பெறுவோருக்கும் 40 வயதுக்குள் 40 விழுக்காடும், 40 முதல் 50 வரை 25 விழுக்காடும், 50 முதல் 60 வரை 10 விழுக்காடும் சேர்க்கப்படும். நிரந்தரப் பணியில் இருப்போருக்கு இது 50, 30, 15 விழுக்காடாகும். நிலையான ஊனமடைந்தோருக்கும் இவ்வுயர்வு உண்டு என 2020 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. காசிமேட்டில் சுமை தூக்கும் 34 வயதுத் தொழிலாளியின் மாத வருமானம் 15,000 ரூபாய் எனக் கொள்க.

– ஆண்டு வருமானம்: 1,80,000 ரூபாய்
– 40 விழுக்காடு உயர்வுடன்: 2,52,000 ரூபாய்
– பெருக்கெண் 16 ஆல் பெருக்க: 40,32,000 ரூபாய்

மருத்துவக் குழு குறித்த ஊனம் 30 விழுக்காடு எனில், அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வருமான இழப்பு 12,09,600 ரூபாய். சுமை தூக்கும் தொழிலில் செயல்சார் ஊனம் 50 விழுக்காடு எனத் தீர்ப்பாயம் முடிவு செய்தால் அது 20,16,000 ரூபாய் ஆகும். வேறுபாடு 8,06,400 ரூபாய். தொழில் இன்னதென்று மெய்ப்பிக்கும் சாட்சியும், ஊனம் அத்தொழிலை எவ்வாறு பாதிக்கிறது என்று விளக்கும் மருத்துவரின் சாட்சியமும் இவ்வேறுபாட்டை நிருணயிக்கின்றன.

இறப்பு வழக்குகளில் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக ஒரு பகுதி கழிக்கப்படும். காயமடைந்தவர் உயிருடன் இருப்பதால் அவ்வாறு கழிக்கப்படுவதில்லை.

வருமானச் சான்று இல்லாதபோது தீர்ப்பாயம் ஒரு உத்தேச வருமானத்தை எடுத்துக்கொள்ளும். இது பெரும்பாலும் உண்மை வருமானத்திலும் குறைவாக அமைகிறது. சங்க உறுப்பினர் அட்டை, நலவாரியப் பதிவு, வங்கிக் கணக்குப் பதிவுகள், வேலை கொடுத்தவரின் சாட்சியம் ஆகியன இங்கு உதவும். வருமான இழப்பை ஏற்படுத்தாத ஊனத்துக்கு, ஒரு விழுக்காட்டுக்கு இவ்வளவு எனத் தொகை கணக்கிடும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு.

காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு

மூன்றாம் நபர் காப்பீடு இன்றி வாகனத்தைப் பொது இடத்தில் இயக்குவதை 146 ஆம் பிரிவு தடை செய்கிறது. தகுந்த உரிமம் இன்மை போன்ற காப்பீட்டு நிபந்தனை மீறல் இருந்தாலும், நிறுவனம் முதலில் காயமடைந்தவருக்குத் தொகையைச் செலுத்தி, பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு தீர்ப்பாயம் ஆணையிடலாம். இக்கொள்கையை சுவரண் சிங் வழக்கு (2004) நிலைநாட்டியது.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள தனியார் காரில் கட்டணமின்றிப் பயணம் செய்வோரும், இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் இருப்போரும் அவ்வாகனத்தின் காப்பீட்டில் அடங்கார். முழுமைக் காப்பீட்டில் அடங்குவர். தம் வாகனத்தைத் தாமே தடுப்பில் மோதிக் காயமடைந்த உரிமையாளர் மூன்றாம் நபராகக் கருதப்படுவதில்லை. அவருக்கு உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடே வழி. அக்காப்பீட்டுத் தொகையை உயர்த்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2017 இல் பணித்ததைத் தொடர்ந்து, 2018 இல் அது 15 இலட்சம் ரூபாயாக்கப்பட்டது.

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீட்டுக் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற இயலும். அந்நிலையில் இழப்பீட்டைக் கழகமே செலுத்த வேண்டும். தொகை செலுத்தப்படாதபோது நீதிமன்ற ஆணைப்படி பேருந்துகள் ஜப்தி செய்யப்படும் நிகழ்வுகள் தமிழ்நாட்டில் பலமுறை நடந்துள்ளன.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பாயம் மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் வழங்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 7.5 விழுக்காடு வட்டி பரவலாக வழங்கப்படுகிறது. சிறுவருக்குரிய தொகை வங்கியில் நிலை வைப்பாக இடப்படுவது வழக்கம். உரிமை கோரப்படாமல் தீர்ப்பாயங்களில் பெருந்தொகைகள் தேங்கியிருப்பதை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, மனுதாரரின் வங்கிக் கணக்கு விவரங்களைத் தொடக்கத்திலேயே பெறுமாறு 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியது. முகவரி மாறியவர்கள் அதைத் தீர்ப்பாயத்துக்குத் தெரிவிப்பது நன்று.

தீர்ப்பில் குறையிருப்பின் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொகையை உயர்த்தக் கோரிக் காயமடைந்தவரும் மேல்முறையீடு செய்யலாம்.

சமரசமும் சட்ட உதவியும்

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987 இன்படி நடத்தப்படும் மக்கள் நீதிமன்றங்களில் விபத்து வழக்குகள் பெருமளவில் முடிக்கப்படுகின்றன. இங்கு தொகை விரைவில் கிடைக்கும். ஆனால் இதன் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. சிகிச்சை முடிவதற்கும் ஊனம் கணிக்கப்படுவதற்கும் முன் சமரசம் செய்துகொள்வோர், பின்னர் தேவைப்படும் அறுவை மருத்துவத்துக்காக மீண்டும் கோர இயலாது.

பெண்கள், சிறுவர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. இந்தியாவில் வழக்கறிஞர்கள் வழக்கின் வெற்றித் தொகையில் பங்கு பெறும் வகையில் கட்டணம் பேசுவது தொழில் நெறிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. மருத்துவமனைக்கே வந்து வெற்றுத் தாள்களில் கையொப்பம் கேட்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை தேவை.

பிற நாடுகளில்

இலங்கையில் மோட்டார் போக்குவரத்துச் சட்டம், 1951 மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. இழப்பீட்டு வழக்குகள் உரோம-டச்சுச் சட்டக் கொள்கைகளின்படி மாவட்ட நீதிமன்றங்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்பட வேண்டும். சிங்கப்பூரில் உடற்காய வழக்குகளுக்கான கால வரம்பு மூன்று ஆண்டுகள். நியூசிலாந்தில் 1974 முதல் யாருடைய தவறு என்று பாராமல் அரசு நிதியமே இழப்பீடு வழங்குகிறது; அதற்கு ஈடாக, காயத்துக்காக வழக்குத் தொடரும் உரிமை பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

– மோட்டார் வாகனச் சட்டம், 1988
– மக்கள் நீதிமன்றம்
– மூன்றாம் நபர் காப்பீடு
– இராயபுரம்
– அரசு ஸ்டான்லி மருத்துவமனை